பத்தொன்பது சென்டிமீட்டர் தென்னை





இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை வேளாங்கண்ணியில், அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் பாதி எழும்பி நிற்கிறது. விரல் இடுக்கில் ஃபெவிக்கால் காய்ந்து கிடக்கிறது, நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட். அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நான் செய்த வேலை ஒன்றுதான். மரம் செய்தேன்.

தொடங்கி வைத்தவன் அக்கா மகன். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். இந்த வருடம் குடிலைச் சுற்றி ரயில் ஓட வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு பேட்டரி ரயில் வாங்கிக்கொண்டான். அட்டைப்பெட்டிக்குள் எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், கூடவே எட்டு பிளாஸ்டிக் மரங்கள். எட்டும் கூம்பு வடிவம், எட்டும் ஒரே உயரம், உச்சியில் வெள்ளை வெளேரென்று பனி. தண்டவாளத்து ஓரத்தில் அவற்றை நட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்:

“மாமா, நம்ம ஊர்ல இந்த மரம் எங்க இருக்கு?”

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் வந்தது 2010இல். 10 கிலோமீட்டர் பாதை. அது வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலோரத்தில் எத்தனையோ முறை உட்கார்ந்து வந்திருக்கிறேன். வயலின் நடுவே தனியாக நிற்கும் பனை, வீட்டுக் கொல்லைகளில் தென்னை, வாய்க்கால் கரையில் பூவரசு, பாதையின் இரு பக்கமும் சீமைக்கருவேல், தூரத்தில் கடல் பக்கம் சவுக்கு. பனி படிந்த கூம்பு மரத்துக்கு அந்தப் பாதையில் இடமே இல்லை. பையன் கேட்டது சரியான கேள்வி.

“அப்ப நம்ம மரத்த நாமளே செஞ்சிடுவோமா?” என்றேன். அவன் ஏற்கெனவே கத்தரிக்கோலைத் தேடப் போயிருந்தான்.

முதலில் உயரத்தைப் பார்த்தோம். மாதிரி ரயில் அமைப்பவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். கடையில் விற்கும் மரம் பெரும்பாலும் ரயில் பெட்டியின் உயரமோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் இருக்கும். ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். தண்டவாளத்திலிருந்து கூரை வரை நம் ரயில் பெட்டி ஏறக்குறைய 4 மீட்டர். நன்றாக வளர்ந்த நெட்டைத் தென்னை 15 மீட்டர் இருக்கும், சில 20 மீட்டரையும் தாண்டும். அதாவது நாலு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தென்னையின் தலையைத் தொட முடியும். அக்கா மகனின் பெட்டியை ஸ்கேல் வைத்து அளந்தோம், 5 சென்டிமீட்டர். 4 மீட்டர் என்பது 5 சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது என்றால் எல்லாமே 80இல் ஒரு பங்கு. 15 மீட்டரை 80ஆல் வகுத்தான். 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. “அவ்ளோ பெருசா!” என்று ஸ்கேலை நிறுத்திக் காட்டினான். அட்டைப்பெட்டியில் வந்த பிளாஸ்டிக் மரம் அதில் பாதிகூட இல்லை.

உலகம் முழுவதும் இந்தக் கலையில் ஊறியவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு எச்.ஓ. எனப்படும் 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் நாகை வேளாங்கண்ணிப் பாதையை அப்படியே செய்தால் 115 மீட்டர் நீளம் வரும். அவ்வளவு பெரிய கூடம் யாரிடம் இருக்கிறது? அதனால் மாதிரி செய்பவர் எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பத்துப் பதினைந்து மரங்களில் ஊர் முழுவதும் வந்துவிட வேண்டும். ரயில் எங்கும் ஓடும், அதே எஞ்சின் ஜபல்பூரிலும் ஓடும் அரக்கோணத்திலும் ஓடும். அது எந்த ஊர் ரயில் என்று சொல்வது பக்கத்தில் நிற்கும் மரம்தான்.

முதல் தென்னை எங்களுக்குச் சரியாக வரவில்லை. செய்த முறை இதுதான். பழைய மோட்டார் காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பியில் முப்பது துண்டுகள் எடுத்துச் சேர்த்து முறுக்கினோம். அது தண்டு. உச்சியில் முறுக்காமல் விட்ட நுனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வளைத்தால் ஒவ்வொரு நுனியும் ஒரு மட்டை. உண்மையான மட்டை 5 மீட்டர் அளவுக்கு நீளும் என்பதால் எங்கள் கணக்கில் 6 சென்டிமீட்டர். ஒவ்வொரு கம்பியின் மேலும் கீழும் மெல்லிய காகிதத்தை ஒட்டி, இலை வடிவத்தில் வெட்டி, பிறகு நடுத்தண்டு வரை கத்தரிக்கோலால் மயிரிழை மயிரிழையாகக் கீறினால் கீற்று வந்துவிடும். வந்தது. ஆனால் நட்டு வைத்துப் பார்த்தபோது குடை மாதிரி இருந்தது. முப்பது மட்டைகளையும் ஒரே சாய்வில் வளைத்திருந்தோம்.

அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போய் நிஜத் தென்னையின் அடியில் படுக்கச் சொன்னேன். நானும் படுத்தேன். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தோம். நடுவில் குருத்து ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றிப் புது மட்டைகள் மேல்நோக்கி விரிகின்றன. அடுத்த அடுக்கு கிட்டத்தட்டக் கிடைமட்டம். அதற்கும் கீழே இருப்பவை தண்டை ஒட்டித் தொங்குகின்றன, நுனி பழுத்து மஞ்சள், அப்புறம் பழுப்பு. தென்னை மாதம் ஒரு மட்டை விடும், கீழே ஒன்று பழுத்து விழும். ஆகவே அந்தத் தலையில் இரண்டு மூன்று வருடத்துக் காலம் அடுக்கடுக்காக இருக்கிறது. மட்டை விழுந்த தழும்புதான் தண்டில் வளையம். தண்டு பழுப்பே அல்ல, சாம்பல். பள்ளிக்கூடத்துப் படம் வரையும் நோட்டில் எல்லாரும் மரத்தண்டுக்குப் பழுப்புத் தீட்டித்தான் வளர்ந்தோம், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக வெகு நாளாகிறது.

இரண்டாவது தென்னைக்கு மூன்று அடுக்காக மட்டை வைத்தோம். தண்டுக்கு ஃபெவிக்காலில் சலித்த மண்ணைக் குழைத்துப் பூசி, ஈரம் காயும் முன் குண்டூசியால் வளையம் கீறி, அடியைக் கொஞ்சம் பருமனாக்கி, சாம்பல் நிறம் தடவினோம். நாலு இடத்தில் பாசிப்பச்சையும் தொட்டோம். கடுகை ஒட்டிக் காய் வைத்தான் பையன். கடுகு 80 மடங்கு பெரிதானால் கிட்டத்தட்டத் தேங்காய் அளவு வரும் என்பதை அவனே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தான். நான் மிகவும் சந்தோஷப்பட்ட நேரம் அது.

அந்த நேரத்தில்தான் அக்கா டீ கொண்டுவந்தார். குடிலைப் பார்த்தார்.

“தென்னைய அங்கயா வச்சீங்க? கெணத்தடியிலல்ல நின்னுச்சு அது.”

அக்கா வீட்டுக் கொல்லையில் ஏழு தென்னைகள் இருந்தன. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த ஒரு இரவில் ஐந்து போய்விட்டன. வேதாரண்யத்திலும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை நம் வாசகர்கள் பலர் கண்ணால் பார்த்தவர்கள், சிலர் சொந்த மரங்களை இழந்தவர்கள். பனை பெரும்பாலும் நின்றது. தென்னைக்குத் தலை கனம், மட்டையெல்லாம் பாய்போல விரிந்து காற்றை வாங்கும். பனைக்குத் தண்டு உறுதி, ஓலை குட்டை, தலை சிறியது. நான் பனை, தென்னை இரண்டையும் செய்தபோது இந்த வித்தியாசத்தைக் கை உணர்ந்தது. தென்னையைத் தட்டையான அடியில் நிறுத்தினால் தலைகனத்துச் சாய்ந்துகொண்டே இருந்தது. பனை வைத்த இடத்தில் நின்றது.

அக்கா கீழே உட்கார்ந்துவிட்டார். அம்மா நட்டது எது, எது வீட்டுப்பக்கம் சாய்ந்திருந்தது, எதில் மைனா கூடு வைத்தது, எதன் காய்க்குத் தண்ணீர் இனிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பையன் தீப்பெட்டி அட்டையில் கிணறு செய்தான். அதன் பக்கத்தில் ஒரு தென்னையை அக்கா கையாலேயே வீட்டுப்பக்கமாகச் சாய்த்து நட்டார். அவன் பிறந்த பிறகு அந்த மரம் அதிக நாள் இருக்கவில்லை. அவனுக்கு அது நினைவிலும் இல்லை. இப்போது 19 சென்டிமீட்டரில் அது எங்கே நின்றது, எப்படி நின்றது என்று அவனுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயரில் லாங் விட்டன்ஹம் என்ற கிராமத்தில் இருக்கும் பெண்டன் அருங்காட்சியகம் ஞாபகத்துக்கு வருகிறது. ராய் இங்லண்ட் என்பவர் 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர். ரயில் பார்க்கிற ஆசை அவரை ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போனது. வேய்ந்த கூரை வீடுகள், வேலிகள், தோட்டங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. அவை மறைந்து போவதற்குள் எல்லாவற்றையும் 76இல் ஒரு பங்காகச் செய்து வைத்துவிடுவது என்று முடிவெடுத்தார். 1954இல் அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு வீடும் அளந்து செய்தது. தோட்டத்துச் செடி கூட இன்ன செடி என்று அடையாளம் சொல்லும்படி செய்தது. ரயில் ஓடுகிறது, ஆனால் ஜனங்கள் குனிந்து குனிந்து பார்ப்பது அந்தக் கிராமத்தை. ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, மரங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல். நம் நாட்டில் புனேயில் ஜோஷி அவர்களின் சின்ன ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறந்தது, வாய்ப்புக் கிடைத்தால் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். இருந்தாலும் எனக்குப் பிடித்தது பெண்டன்தான். ஒரு மனிதர் தான் நேசித்த ஒரு சிறிய நிலத்தை, அது இருந்தபடியே, மரம் மரமாகக் காப்பாற்றி வைத்தார்.

காவிரி டெல்டாவுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான உரிமையும் நமக்கு உண்டு. தென்னகத்தின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று நாகப்பட்டினத்தில் தொடங்கியது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி போட்ட பாதை, 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வரை வந்தது, அடுத்த வருடம் திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. இன்று பொன்மலையில் இருக்கும் பெரிய ரயில்வே பணிமனை அதற்கு முன் நாகையில்தான் இருந்தது. 1920களின் இறுதியில் இடம் மாறியது. நாகையில் அந்த முதல் பாதை போட்ட நாளில் அதன் ஓரத்து மரங்கள் எவை? இன்று எங்கு திரும்பினாலும் நிற்கும் சீமைக்கருவேல் அன்று இந்த மண்ணில் கிடையாது, அது நம் நாட்டுக்கு வந்ததே 1870களில். ஆகவே 1861இன் நாகை ஸ்டேஷனை மாதிரியாகச் செய்பவர் பாதை ஓரத்தில் சீமைக்கருவேல் வைத்தால் அது தப்பு. 2010இன் வேளாங்கண்ணி ஸ்டேஷனைச் செய்பவர் அதை வைக்காவிட்டால் அதுவும் தப்பு. மரத்துக்கும் வருடம் உண்டு.

சவுக்கின் கதை இன்னும் நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மதராஸ் மாகாணக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு முக்கியமான காரணம் நீராவி எஞ்சின்களின் விறகுத் தேவை. கடல் மணலில் வேகமாக வளரும், கனமான விறகு, நன்றாக எரியும். ரயிலுக்காக நட்ட மரம் ரயில் விறகை மறந்த பிறகும் கரையில் நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊருக்கு என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நாகைக் கடலோரத்தில் பல இடங்களில் காற்றையும் அலையையும் தடுக்கவென்று மறுபடியும் சவுக்கு நட்டார்கள்.

சவுக்குச் செய்யத் தேங்காய் நாரைவிட நல்ல பொருள் கிடையாது. நாரை ஊறவைத்துச் சீவி, மிக மெல்லிய இழைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே இழைகளைக் குறுக்காகப் பரப்பி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கினால் நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. கத்தரிக்கோலால் உச்சி கூர்மையாக வெட்டிவிட வேண்டும். ஆனால் முழுக்கச் சீராக வெட்டிவிடாதீர்கள். கடல் காற்று வாங்கும் சவுக்கு ஒரு பக்கம் மெலிந்தே இருக்கும். பச்சையில் கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் பழுப்பும் கலந்து தீட்டினால் போதும். பையன் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு சவுக்கு முறுக்கிவிட்டான்.

பனைக்கு வேறு வழி. ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டமாகக் காகிதம் வெட்டி, விசிறி மடிப்பாக மடித்து, ஓரத்தைக் கீறிப் பிரித்தால் பனையோலை. தலைக்கு முப்பது ஓலை வேண்டும். தண்டு கருஞ்சாம்பல், நிமிர்ந்தது, மேலிருந்து கீழ் வரை ஏறக்குறைய ஒரே பருமன். பனையை நிஜமாக்குவது அதன் கழுத்தில் தொங்கும் காய்ந்த ஓலைகள்தான். ஏறுவதற்கு ஆள் இல்லாத பனையில் அவை பாவாடைபோல அடர்ந்து தொங்கும். ஏறுகிற மரத்தில் கழுத்து சுத்தமாக இருக்கும். ஒரு சின்னப் பனை மாதிரியைப் பார்த்தே அந்த ஊரில் பனை ஏறுகிறவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். எங்கள் குடிலில் இரண்டு வகையும் வைத்தோம். நம் மாநில மரத்துக்கு அவ்வளவு கவனமாவது கொடுக்க வேண்டும்.

வேம்பு, புளி, பூவரசு போன்ற கிளை மரங்களுக்குக் காய்ந்த துளசிச் செடியைத் தேடுங்கள். விதை உதிர்ந்து உலர்ந்த துளசியை வேரோடு பிடுங்கினால் கையில் இருப்பது சின்னஞ்சிறு மரமே. கிளை பிரியும் விதம், மேலே போகப்போக மெலியும் விதம், அடியில் வேர் பிடித்திருக்கும் விதம் எதையும் நாம் செய்ய வேண்டாம். பொங்கலுக்குக் கூரையில் செருகும் கண்ணுப்பீளையும் காய்ந்தால் நல்ல புதர் ஆகும். ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு காட்டுச் செடியைக் காயவைத்து விற்கிறார்கள், கலைமான் தின்னும் பாசியைப் பதப்படுத்தி இலைக்கொத்தாக வைக்கிறார்கள். அவற்றை வரவழைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூட்டை மெல்லிய படலமாகப் பிய்த்துக் கிளைகளில் போர்த்துங்கள். அதன்மேல் நீர் கலந்த ஃபெவிக்காலைத் தெளித்து, பச்சை நிறமேற்றிச் சலித்த மரத்தூளைத் தூவுங்கள். பழைய மெத்தை ஸ்பஞ்சைப் பொடியாக நறுக்கி நிறம் ஏற்றினாலும் சரி. மரத்தடிக்கு, டீ போட்டு எடுத்த தூளை வெயிலில் காயவைத்துத் தூவினால் சருகு விழுந்த மண் அப்படியே வந்துவிடும்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, இலையை நிறைய வைத்துவிடுவது. மரத்துக்குள் வானம் தெரிய வேண்டும். வேம்பின் கீழே நின்று பாருங்கள், எத்தனை ஓட்டை! புளிதான் அடர்த்தி, அதிலும் கிளைக்கும் கிளைக்கும் நடுவே வெளிச்சம் விழும். மேல் இலைகளுக்கு வெளிர்ப்பச்சையும் உள்ளே கரும்பச்சையும் கொடுத்தால் சூரியன் மேலே இருக்கிறது என்று கண் தானாக நம்பிவிடும். கடைப் பச்சையை அப்படியே பூசாதீர்கள். அது நம் ஊர்ப் பச்சை அல்ல. கொஞ்சம் மஞ்சளும் துளி சிவப்பும் சேர்த்துப் பாருங்கள். மார்கழியில் கடைமடை வயல் சம்பாக் கதிர் வாங்கும் நேரம், அந்த வயலின் பச்சையும் வரப்பு மரத்தின் பச்சையும் ஒன்றல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கலக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

தஞ்சாவூரின் நெட்டி வேலையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏரி குளங்களில் தண்ணீருக்குள் வளரும் செடி நெட்டி. அதை அறுத்துக் காயவைத்துத் தோலைச் சீவினால் உள்ளே தந்தம்போல வெண்மையான தக்கை. காற்றைப்போல எடை இல்லாதது. வெள்ளைக்காரர் காலத்து அதிகாரிகளின் வெயில் தொப்பி இதில் செய்ததுதான், அன்றைய ஸ்டேஷன் படங்களில் பார்க்கலாம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும் இதே தக்கை, கும்பகோணத்துக்குப் பக்கம் நரசிங்கம்பேட்டை அதற்குப் பேர்போனது. தஞ்சைக் கலைஞர்கள் ஒரு கூர்மையான கத்தியை வைத்துக்கொண்டு இந்தத் தக்கையில் பெரிய கோயிலையே தளம் தளமாக எழுப்பிவிடுகிறார்கள். 2020இல் இந்தக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நெட்டியைக் காகிதம் போலச் சீவிப் பார்த்தேன். தென்னங்கீற்றுக்குக் காகிதத்தைவிட அது மேல். வெயில் படும்போது உள்ளே ஒளி புகுந்து நிற்கிறது, வளைத்தால் வளைகிறது. மாதிரி ரயில் செய்பவர்கள் உலகெங்கும் இலைக்கும் பூவுக்கும் நல்ல பொருள் தேடுகிறார்கள். நம்மிடம் அந்தப் பொருளும் அதைச் சீவும் கையும் இரண்டுமே இருக்கின்றன. கோயில் மாதிரிகளோடு டெல்டா மரங்களையும் இந்தக் கலைஞர்கள் செய்தால், பனையும் தாழையும் மூங்கிலும் ஆளுக்கொரு டப்பாவில் விற்பனைக்கு வந்தால், வாங்குகிறவர்களில் முதல் ஆளாக நான் நிற்பேன். கைவினைப் பொருள் விற்கும் அரசுக் கடைகளின் பொறுப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

சிலர் கேட்கலாம், குடிலில் பனையும் தென்னையும் பொருந்துமா என்று. பொருந்தும். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் புனித பிரான்சிஸ் முதன்முதலில் அந்த மாட்டுத்தொழுவக் காட்சியை அமைத்தபோது தன் காலத்து இத்தாலிய வைக்கோலையும் அந்த ஊர் மாட்டையும் கழுதையையும்தான் வைத்தார். நேப்பிள்ஸ்காரர்கள் தங்கள் ஊர்ச் சந்தையையே குடிலுக்குள் கொண்டுவந்தார்கள். பனி மூடிய கூம்பு மரம் பெத்லகேமுக்கும் சொந்தமல்ல, அந்த மலைச்சரிவுகளில் நிற்பது ஒலிவ மரம். நம் தொழுவத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, முன்னால் நெல்லும் கேழ்வரகும் முளைக்கவைத்து, பக்கத்தில் பனை நட்டால் குழந்தை இயேசு நம் ஊரில் பிறந்ததாகத்தான் ஆகிறது. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்யும் அதே கைகள்தான் குடில் பொம்மையும் செய்கின்றன. கொலுப் படியின் கீழே வெந்தயம் முளைக்கவைத்துப் பார்க் அமைக்கும் வீடுகளுக்கும் நான் சொன்ன மரங்கள் அத்தனையும் பொருந்தும்.

இந்த மூன்று நாளில் என் அக்கா மகன் கற்றுக்கொண்டதில் ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. நேற்றுச் சாயங்காலம் இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்து போனோம். “அது வேம்பு, அது வாகை, அது என்ன மாமா?” என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான். ஒரு மரத்தின் பெயர் எனக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். “ஒதியந் தம்பி, வேலிக்கு ஒடிச்சு நட்டாலே துளுத்துடும்” என்று சொல்லிக் கொடுத்தார். இலை எப்படி உதிர்க்கும், எந்த மாதம் துளிர்க்கும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒதியனுக்கு ஏற்ற குச்சி தேடினான். மரத்தைச் செய்ய வேண்டும் என்றால் அதை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது, பெயர் கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு கம்பிச்சுருளும் கொஞ்சம் நாரும் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மரம் குடை மாதிரி வந்தால் பரவாயில்லை, கொல்லைக்கு அழைத்துப் போங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நின்ற, இப்போது இல்லாத ஒரு மரத்தைச் செய்யுங்கள். புயலில் விழுந்தது, சாலைக்காக வெட்டியது, வீடு கட்ட எடுத்தது, எதுவாகவும் இருக்கட்டும். ஓர் உள்ளங்கை அளவு இருந்தால் போதும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். மரத்தின் பெயர், அது நின்ற இடம், அதை நட்டவர் யார் என்பது தெரிந்தால் அவர் பெயர், மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பொங்கல் இதழில் நான்கு பக்கங்களை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். முதல் படமாக வருவது எங்கள் அக்கா வீட்டுக் கிணற்றடித் தென்னை. நட்டவர் எங்கள் அம்மா.

அன்புடன்,
ஆசிரியர்